'ஆ' காட்டுங்க!

உங்கள் வீட்டில் ஒரு டப்பா இருக்கும். ஃப்ரிட்ஜ் தலைமேலோ, டி.வி. ஸ்டாண்ட் டிராயரிலோ. எப்போதோ தீபாவளிக்கு ஸ்வீட் வந்த பிளாஸ்டிக் டப்பா. அதைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். பாதி விழுங்கி, மீதி விட்டுவைத்த மாத்திரை அட்டைகள். அதில் ஒன்றிரண்டு அட்டைகளின் ஓரத்தில் மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடும். ஏதோ டிசைன் என்று நினைத்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்பதற்கான அடையாளம் அது. 2016-ல் மத்திய அரசு இந்தச் சிவப்புக் கோட்டுக்காகத் தனியாகப் பிரசாரமே நடத்தியது. சிவப்பு விளக்கைப் பார்த்தாலே நிற்காத ஊரில் சிவப்புக் கோட்டைப் பார்த்தா நிற்கப் போகிறோம்!

அந்த மாத்திரை எப்படி வீட்டுக்கு வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு தொண்டைவலியில் வந்திருக்கும்.

தொண்டை கரகரக்கிறது. எச்சில் விழுங்கினால் வலிக்கிறது. லேசாகக் காய்ச்சல். தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் போய் நின்றால் போதும். "தொண்டையா சார்? ஃபைவ் ஹண்ட்ரட் மூணு தரவா?" என்று கேட்டுக்கொண்டே கை டிராயருக்குள் போய்விடும். அஜித்ரோமைசின் 500 மில்லிகிராம், தினம் ஒன்று, மூன்று நாள். உங்கள் தொண்டையை அவர் பார்க்கவேண்டியதில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

சரி, அவர் டாக்டர் இல்லை. நீங்கள் ஒழுங்கானவர், டாக்டரிடமே போகிறீர்கள். முப்பத்தேழாம் நம்பர் டோக்கன். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து உள்ளே போய் ஸ்டூலில் உட்காருகிறீர்கள்.

"என்ன பண்ணுது?"

"தொண்டை வலி டாக்டர்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா."

பேனா ஓட ஆரம்பித்துவிட்டது! டார்ச் லைட் மேஜை மேலேயே கிடக்கிறது. நாக்கை அழுத்திப் பிடிக்கும் அந்தத் தட்டைக் குச்சி எங்கே இருக்கிறதென்று அவருக்கே ஞாபகம் இருக்குமா, சந்தேகம். "வாயைத் திறங்க, 'ஆ' காட்டுங்க" என்று சொல்லித் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்த டாக்டர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

எல்லா டாக்டரையும் சொல்லவில்லை. இன்றைக்கும் பார்த்து, தொட்டு, யோசித்து எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். மற்றவர்கள் தாராளமாகக் கோபித்துக்கொள்ளலாம்.

என் கேள்வி ஒன்றுதான். இந்தத் தொண்டையில் உட்கார்ந்திருப்பது பாக்டீரியாவா, வைரஸா? எப்படித் தெரிந்தது?

ஏன் இந்தக் கேள்வி முக்கியம் என்றால், ஆன்ட்டிபயாடிக் என்பது பாக்டீரியாவுக்கான மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது. தொண்டைவலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருகிறவை. ஆன்ட்டிபயாடிக் கொடுத்தே ஆகவேண்டிய முக்கியமான ஆசாமி ஒருவர்தான்: குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், தொண்டைவலி என்று வரும் பெரியவர்களில் நூற்றுக்கு 5 முதல் 15 பேரிடமும், குழந்தைகளில் 20 முதல் 30 பேரிடமும் இந்த ஆசாமி இருக்கிறார். மற்றவர்களுக்கு உப்பு வெந்நீர்க் கொப்பளிப்பு, வலிக்கு பாரசிட்டமால், ரெண்டு நாள் ரெஸ்ட். நம் பாட்டிகள் சொன்ன வைத்தியம்தான்.

அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ராக்கெட் விஞ்ஞானம் எல்லாம் இல்லை. ஒரு குச்சி, அதன் முனையில் கொஞ்சம் பஞ்சு. நாக்கை அமுக்கிக்கொண்டு, இரண்டு பக்க டான்சில் மீதும் தொண்டையின் பின்சுவரிலும் அழுத்தித் தேய்த்து எடுக்கவேண்டும். நாக்கிலும் கன்னத்திலும் படக்கூடாது. ஒரு ஓங்கரிப்பு வரும். சரியாக ஐந்து செகண்ட் வேலை. அந்தக் குச்சி லேபுக்குப் போய், செம்மறி ஆட்டு ரத்தம் கலந்த ஊட்டத் தட்டில் தேய்க்கப்பட்டு, ஒரு ராத்திரி 37 டிகிரி வெப்பத்தில் இருக்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இருந்தால், அது வளரும் இடத்தைச் சுற்றி ரத்தச் சிவப்பு கரைந்து, கண்ணாடி மாதிரி தெளிந்த வட்டங்கள் தெரியும். இதுதான் 'த்ரோட் ஸ்வாப் கல்ச்சர்'. ஒன்றிலிருந்து இரண்டு நாளில் ரிப்போர்ட். கூடவே, எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்றும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அதுகூட வேண்டாம், அவ்வளவு பொறுமை இல்லை என்றால் ராப்பிட் டெஸ்ட் இருக்கிறது. கர்ப்பம் பார்க்கிற கிட் மாதிரி ஒரு பட்டை. பத்து நிமிஷத்தில் கோடு விழும். பாசிட்டிவ் என்றால் அநேகமாக நம்பலாம். நெகட்டிவ் என்றால் சில கேஸ்களில் தவறவிட்டிருக்கும், அதனால் குழந்தைகளுக்குக் கல்ச்சரும் செய்து உறுதிப்படுத்திக்கொள்வது நல்லது என்பார்கள். பிரான்ஸில் 2002-லிருந்தே இந்த கிட்டை டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் 2018-லிருந்து மருந்துக் கடைக்காரரே அவசியம் என்று பட்டால் தொண்டையில் ஸ்வாப் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் மருந்து தருகிற திட்டம் நடக்கிறது. அங்கேயும் மருந்துக் கடைதான், இங்கேயும் மருந்துக் கடைதான்!

சில மாதங்களுக்கு முன் ஒரு கிளினிக்கில், "ஸ்வாப் எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "கோவிட் எல்லாம் போயிடுச்சே சார்!"

நியாயம்தான். ஸ்வாப் என்ற வார்த்தையே நமக்கு 2020-ல்தான் அறிமுகமானது. அதுவரை பஞ்சுக் குச்சி என்றால் காது குடைவதற்கு. பிறகு என்ன நடந்தது? பள்ளிக்கூட வாசலில், ரயில்வே ஸ்டேஷனில், கல்யாண மண்டபத்தில், கூடாரம் போட்டு மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டார்கள். வரிசையில் நின்று அண்ணாந்து காட்டினோம். தனியார் லேபில் ஒரு டெஸ்டுக்கு 2020 மார்ச்சில் ஐ.சி.எம்.ஆர். விதித்த உச்சவரம்பு 4,500 ரூபாய். அதையும் கட்டியவர்கள் இருக்கிறார்கள். ஒரு தேசமே ஸ்வாப் எடுக்கக் கற்றுக்கொண்டது. குச்சி வந்தது, எடுக்கத் தெரிந்த ஆட்கள் வந்தார்கள், மாதிரிகளைச் சுமந்துபோகிற வண்டிகள் வந்தன, லேப்கள் வந்தன. இத்தனை ஏற்பாட்டையும் பார்த்த பிறகு, தொண்டைவலிக்கு ஸ்வாப் என்றால் இன்னமும் சிரிப்பு வருகிறது.

அந்தக் கோவிட் காலத்தில் இன்னொரு கூத்து. வைரஸ் என்று உலகத்துக்கே தெரிந்த வியாதிக்கு, வீட்டுக்கு வீடு என்ன மாத்திரை விழுங்கினோம்? அதே மூணு மாத்திரை! பிரிட்டனில் நடந்த 'ரெகவரி', 'பிரின்சிபிள்' என்ற இரண்டு பெரிய ஆய்வுகள், ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கும் சரி, வீட்டில் இருந்தவர்களுக்கும் சரி, கோவிட்டுக்கு அஜித்ரோமைசினால் பயன் இல்லை என்று 2021-ல் சொல்லிவிட்டன. அதற்குள் நாம் எத்தனை அட்டை காலி பண்ணியிருப்போம்!

டெஸ்ட் ஏன் செய்வதில்லை என்று கேட்டால், பெரிய மர்மம் எல்லாம் இல்லை. கணக்குதான். மூன்று மாத்திரை நூறு ரூபாய்க்குள் வந்துவிடுகிறது. கல்ச்சர் பண்ணச் சில நூறு ரூபாய் ஆகும். பெரிய லேப் என்றால் ஆயிரத்தைத் தொடும். எது மலிவு? பூட்டு எது என்று பார்க்கிற செலவைவிடச் சாவியின் விலை குறைவு என்றால், கையில் கிடைத்த சாவியை எல்லாம் போட்டுத் திருகிப் பார்க்கத்தான் தோன்றும். பூட்டு கெட்டுப்போவது நாளைய கவலை.

டாக்டர்கள் சொல்லும் சமாதானத்தையும் கேட்போம். "ரிப்போர்ட் வர ரெண்டு நாள் ஆகும் சார். அதுவரைக்கும் பேஷன்ட் சும்மா இருப்பானா? பக்கத்துத் தெரு டாக்டர்கிட்ட போய் ஊசி போட்டுக்குவான். நான் முட்டாள் ஆயிடுவேன்." இதில் உண்மை இருக்கிறது. நாம் லேசுப்பட்டவர்களா? "ஸ்ட்ராங்கா ஏதாவது எழுதுங்க டாக்டர், நாளைக்கு மீட்டிங் இருக்கு", "பையனுக்குத் திங்கட்கிழமை பரீட்சை, ஒரு ஊசி போட்டுடுங்களேன்" என்று கேட்பது நாம்தானே? மருந்து எழுதாமல் அனுப்பும் டாக்டரைக் கைராசி இல்லாதவர் என்று சொல்வதும் நாம்தான். வெறும் வெந்நீரைக் கொப்பளி என்று சொல்ல எதற்கு முந்நூறு ரூபாய் ஃபீஸ்?

ஆனால், அந்த 'ரெண்டு நாள் பொறுக்க முடியாது' என்கிற வாதம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைக்கு மருந்து கொடுப்பதன் மிக முக்கியமான நோக்கம், பின்னால் வரக்கூடிய ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது. தொண்டைவலி ஆரம்பித்து ஒன்பது நாளுக்குள் மருந்தை ஆரம்பித்தால்கூட அதைத் தடுத்துவிடலாம் என்பது மருத்துவப் புத்தகங்கள் எல்லாம் ஒப்புக்கொண்ட விஷயம். ஒன்பது நாள்! இரண்டு நாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தால் குடி முழுகாது. மூச்சுத் திணறல், எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிவது, கழுத்து வீங்கி வாய் திறக்க முடியாமல் போவது – இப்படி இருந்தால் கதையே வேறு. ஒரு நிமிஷம் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் பேசுவது சாதாரணத் தொண்டைவலியைப் பற்றி.

இந்த ருமாட்டிக் காய்ச்சலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏனென்றால், 'ஆன்ட்டிபயாடிக் கெடுதல், யாரும் சாப்பிடாதீங்க' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற அறிவுரைக் கோஷ்டியில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

ஐந்திலிருந்து பதினைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு குழந்தைக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைவலி வருகிறது. யாரும் கவனிக்கவில்லை. தானே சரியாகிவிடுகிறது. இரண்டு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல். முட்டி வீங்குகிறது, அது வற்றினால் கணுக்கால். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் படை, ஆள் அடையாளம் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகிறது. மூட்டு வலி போய்விடும். இதயத்தின் வால்வில் விழுந்த அடி சிலருக்குப் போகாது. பத்து இருபது வருஷம் கழித்து, கல்யாணம் ஆகி முதல் பிரசவத்துக்கு வரும்போது அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கும். அப்போதுதான் மைட்ரல் வால்வு சுருங்கிப் போயிருப்பது தெரியும். அரசு ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ள வருகிறார்களே, அவர்களில் பலர் இந்தக் கதைக்காரர்கள்தான். தொண்டையில் வந்ததை அப்போதே பிடித்திருந்தால் இந்த ஊசியும் இல்லை, வால்வு ஆபரேஷனும் இல்லை. பென்சிலின் கொடுத்தால் இது தடுக்கப்படும் என்று அமெரிக்காவில் ஒரு விமானப்படை முகாமில் சிப்பாய்களிடம் சோதித்து 1950-லேயே நிரூபித்துவிட்டார்கள். பணக்கார நாடுகளில் இந்த வியாதி ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. அதனால்தான் அங்கே சில நாடுகளில், 'தொண்டைக்கு ஸ்வாப் எல்லாம் வழக்கமாக எடுக்கவேண்டியதில்லை' என்று வழிகாட்டிப் புத்தகத்தில் எழுதிவைக்க முடிகிறது. இங்கே ஒழியவில்லை. நெருக்கடியான வீட்டில், ஒரே அறையில் ஆறு பேர் தூங்குகிற இடத்தில் இன்னமும் இருக்கிறது. உலகம் முழுக்க நாலு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த இதய நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். நம் நாட்டின் பங்கு அதில் பெரியது.

ஆக, நம் ஊரில் நடப்பது என்னவென்றால், தேவையில்லாதவருக்கு மூணு மாத்திரை. தேவைப்படும் குழந்தைக்கு ஒன்றுமில்லை. இரண்டு தப்பும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறது: தொண்டையைப் பார்க்காத இடத்தில்.

இதில் இன்னும் ஒரு விசித்திரம். குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எண்பது வருஷமாக பென்சிலினிடம் அடி வாங்கிக்கொண்டே இருக்கிற கிருமி. இன்றைக்கும் பழைய, மலிவான பென்சிலினுக்கும் அதன் தம்பி அமாக்சிசிலினுக்கும் அது பணிந்துவிடுகிறது. ஆனால் அஜித்ரோமைசின் வகை மருந்துகளை எதிர்த்து நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்கள் பல நாடுகளில் வந்துவிட்டன. பென்சிலின் அலர்ஜி இருப்பவர்களுக்கு மாற்றாக வைத்திருக்க வேண்டிய மருந்தை நாம் முதல் மருந்தாக விழுங்கிக்கொண்டிருக்கிறோம். ஏன்? பத்து நாள் சாப்பிடுவதைவிட மூன்று நாள் சௌகரியம். தவிர, பென்சிலினைப் பையில் போட்டுக்கொண்டு எந்த மெடிக்கல் ரெப் கிளினிக் வாசலில் காத்திருக்கப் போகிறார்?

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945 டிசம்பரில் நோபல் பரிசு உரையில் ஒரு கற்பனைக் கதை சொன்னார். ஒருவருக்குத் தொண்டைவலி. கடையில் தானே பென்சிலின் வாங்கிக் கொஞ்சம் சாப்பிடுகிறார். கிருமியைக் கொல்ல அந்த அளவு போதவில்லை. மருந்தைத் தாக்குப்பிடிக்க அதற்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் போதுமானதாக இருக்கிறது. அந்தக் கிருமி மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகிறது. பென்சிலின் வேலை செய்யாமல் அவள் இறந்துபோகிறாள். கவனியுங்கள், ஃபிளெமிங் சொன்ன உதாரணமே தொண்டைவலிதான். கிருமி விஷயத்தில் அவர் பயந்தது நடக்கவில்லை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. ஆனால் உங்கள் குடலிலும் தோலிலும் மூக்கிலும் சும்மா குடியிருக்கிற மற்ற பாக்டீரியாக்கள் படித்துவிட்டன. தொண்டைக்காக நீங்கள் விழுங்கும் மாத்திரை தொண்டைக்கு மட்டுமா போகிறது? உடம்பு முழுக்கப் போய் அத்தனை பேருக்கும் டியூஷன் எடுக்கிறது.

டியூஷன் ரிசல்ட் நமக்குப் புதிதில்லை. 2010-ல் 'லான்செட்' குழும இதழ் ஒன்றில், ஏறக்குறைய எல்லா ஆன்ட்டிபயாடிக்கையும் எதிர்க்கும் என்.டி.எம்.-1 என்ற மரபணு பற்றிக் கட்டுரை வந்தது. ஆய்வு மாதிரிகளில் ஒரு பகுதி சென்னையிலிருந்து போனவை. முதல் பெயராக இருந்தவர் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர். டெல்லியில் என்ன கோபம் வந்தது தெரியுமா? 'நியூ டெல்லி' என்று பெயர் வைத்துவிட்டார்களே என்று! கிருமியைவிடப் பெயர்தான் பிரச்னை. பிறகு 2012-ல் மருத்துவ அமைப்புகள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014-ல் சில வீரிய ஆன்ட்டிபயாடிக்குகளுக்கு 'ஹெச்-1' அட்டவணை வந்தது, விற்றால் பெயர் முகவரி எழுதிவைக்க வேண்டும் என்றார்கள். 2017-ல் தேசியத் திட்டம். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவை இயக்குநரகம், ஆன்ட்டிபயாடிக் எழுதினால் எதற்காக என்று சீட்டிலேயே காரணத்தையும் எழுதுங்கள் என்று டாக்டர்களுக்குக் கடிதம் போட்டது. உங்கள் கடைசிச் சீட்டை எடுத்துப் பாருங்கள், காரணம் எழுதியிருக்கிறதா? 2019-ல் மட்டும், மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களால் உலகில் நேரடியாக இறந்தவர்கள் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று 2022-ல் வந்த லான்செட் மதிப்பீடு சொல்கிறது.

பக்கத்தில் கேரளாவில், சீட்டு இல்லாமல் ஆன்ட்டிபயாடிக் விற்கிறார்களா என்று பார்க்க 2024-ல் 'ஆபரேஷன் அம்ருத்' என்ற பெயரில் மெடிக்கல் ஷாப்களில் திடீர் ரெய்டு நடத்தினார்கள். நம் ஊரில் ஹெல்மெட் இல்லாததற்குத்தான் ரெய்டு.

காதுக்கு வருவோம். காதில் சீழ் வடிகிறது என்றால் நம் முதல் உதவி என்ன? காய்ச்சிய எண்ணெய். பூண்டு போட்டது என்றால் இன்னும் விசேஷம். அடுத்தது ஹேர்பின். அதற்கடுத்தது மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து. நம்மூர்ப் புழுக்கத்தில் காதுக்குள் பூஞ்சைக் காளான் வளர்வது சர்வ சாதாரணம். பூஞ்சைக்கு ஆன்ட்டிபயாடிக்–ஸ்டீராய்டு சொட்டு விட்டால், காளானுக்கு உரம் போட்ட மாதிரிதான். செவிப்பறையில் ஓட்டை இருந்தாலோ, சில வகைச் சொட்டு மருந்துகள் உள்காதுக்குள் இறங்கிக் கேட்கும் சக்தியையே பாதிக்கக்கூடும். ஓட்டை இருக்கிறதா என்று உள்ளே பார்க்காமல் எப்படித் தெரியும்? மாதக்கணக்கில் வடிகிற காது, ஒரு கோர்ஸ் மருந்துக்கு அடங்காத காது, சர்க்கரை நோயாளியின் காது – இவற்றுக்கெல்லாம் சீழை ஸ்வாபில் எடுத்து, சூடோமோனாஸா, ஸ்டஃபைலோகாக்கஸா, பூஞ்சையா என்று பார்க்காமல் மூன்றாவது முறையாக வேறு சொட்டு எழுதும் டாக்டரிடம், 'கல்ச்சர் பார்க்கலாமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அது உங்கள் காது.

மூக்கு விஷயத்தில் மட்டும் நான் எதிர்க்கட்சி. சாதாரண ஜலதோஷத்துக்கும் சைனஸுக்கும் மூக்கு நுனியில் ஸ்வாப் எடுத்துக் கல்ச்சர் பண்ணுவது காசைக் கரியாக்குவது. பலருடைய மூக்கில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே ஸ்டஃபைலோகாக்கஸ் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது. டெஸ்டில் அது வரும், உடனே அதற்கு ஒரு மருந்து எழுதுவார்கள். சளி மஞ்சளாக, பச்சையாக வருகிறதே என்று பதறாதீர்கள். அந்த நிறம் உங்கள் வெள்ளை அணுக்களின் உபயம். வைரஸ் ஜலதோஷத்திலும் அப்படித்தான் வரும்.

ஸ்வாப் என்பதும் மந்திரக்கோல் இல்லை. எல்லாத் தொண்டைவலிக்கும் எடு என்று சொல்லவில்லை. இருமல், மூக்கொழுகல், குரல் கம்மல் எல்லாம் சேர்ந்து வந்தால் அநேகமாக வைரஸ்தான். ஸ்வாபும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். இருமல் இல்லாமல் காய்ச்சல், டான்சிலில் வெள்ளைப் படலம், கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டி அமுக்கினால் வலி – இந்த நாலையும் வைத்து முடிவெடுக்கலாம் என்று ராபர்ட் சென்டார் என்ற அமெரிக்க டாக்டர் 1981-லேயே சொல்லிவிட்டார். நாலில் எத்தனை இருக்கிறது என்று எண்ண லேப் தேவையில்லை. ஒரு டார்ச், இரண்டு விரல், ஒரு நிமிஷம். எண்ணிப் பார்த்துச் சந்தேகம் இருப்பவர்களுக்குத்தான் ஸ்வாப். அந்த ஒரு நிமிஷம்தான் கிடைக்க மாட்டேன் என்கிறது. டான்சிலில் சாம்பல் நிறப் படலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது தொண்டை அடைப்பானாகக்கூட இருக்கலாம். ஒழிந்தே போச்சு என்று நினைத்த டிஃப்தீரியா 2016-ல் மலப்புரத்தில் குழந்தைகளைக் கொன்றது. டார்ச் அடிக்காத டாக்டருக்கு அது எப்படித் தெரியும்?

ஆயிரம் ரூபாய் கொடுத்து டெஸ்ட் பண்ண முடியாதவர்கள் எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்கிறேன். வால்வு கெட்டுப்போன பிறகு பலூன் வைத்து விரிக்கவும், அறுவை செய்து மாற்றவும் அரசுக் காப்பீட்டில் பணம் இருக்கிறது. தொண்டையில் பிடிக்கிற ராப்பிட் கிட்டுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் இல்லையா? அங்கே டெங்குவுக்கும் கர்ப்பத்துக்கும் பட்டை வைத்துப் பார்க்கத் தெரிந்த லேப் டெக்னீஷியனுக்கு இந்தப் பட்டையைப் பார்க்கத் தெரியாதா? கல்ச்சர் தட்டு வேண்டுமென்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பலாம். கோவிட்டுக்கு அனுப்பினோமே! கிட்டுக்கு ஆகிற செலவையும், வாழ்நாள் பூராவும் மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி போடுகிற செலவையும் சுகாதாரத் துறை அதிகாரிகள் யாராவது பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

தனியார் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். மாஸ்டர் ஹெல்த் செக்கப் என்று தலை முதல் கால் வரை எழுபது டெஸ்ட் எடுக்கிறீர்கள். நன்றாக இருப்பவனுக்கு வைட்டமின் டி எவ்வளவு என்றெல்லாம் பார்க்கிறீர்கள். தொண்டை வலி என்று வருகிறவனுக்கு மட்டும் ஏன் ஒரு டெஸ்டும் இல்லை?

ரிப்போர்ட்டில் 'நார்மல் ஃப்ளோரா' என்று வந்தால், "வேஸ்ட்டா எண்ணூறு ரூபா போச்சு" என்று புலம்பாதீர்கள். உங்கள் தொண்டையில் வழக்கமாகக் குடியிருப்பவர்கள்தான் இருக்கிறார்கள், அந்நியர் யாரும் இல்லை என்று அர்த்தம். மாத்திரை தேவையில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் காசு.

பி.கு.: ஸ்வாப் எடுக்கப் போகிறவர்கள், ஆன்ட்டிபயாடிக் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் போங்கள். இரண்டு மாத்திரை போட்டுவிட்டுப் போனால் தட்டில் ஒன்றும் வளராது. இருந்த கிருமியும் இல்லை என்றே ரிப்போர்ட் வரும். போவதற்கு முன் கிருமிநாசினி போட்டுக் கொப்பளிக்காதீர்கள். அந்த டப்பாவில் மிச்சம் இருக்கிற சிவப்புக் கோட்டு மாத்திரையைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். குச்சியை நாக்கில் மட்டும் தொட்டுவிட்டு "முடிஞ்சுது, போங்க" என்று லேபில் சொன்னால், எழுந்திருக்காதீர்கள். டான்சிலில் படுகிற மாதிரி இன்னொரு தடவை எடுக்கச் சொல்லுங்கள். ஓங்கரிக்கவில்லை என்றால் சரியாக எடுத்தார்களா என்று சந்தேகப்படலாம்.